ஆளுக்கொரு பலாப்பெட்டி

ஓசூர் வீட்டில் புதுக் கட்டிலுக்குப் பாலிஷ் போடுகிறார்கள். ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அப்போது ஜூஜுவாடியில் இருந்தோம். நிலத்தைப் பாகம் பிரித்தபோது, வரப்பில் நின்ற பலாமரம் யாருக்கு என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பெரிய சண்டை. மரத்தை வெட்டி, அண்ணன் தம்பி ஞாபகமாக ஆளுக்கொரு பெட்டி செய்துகொள்ளுங்கள் என்று பஞ்சாயத்தில் முடித்துவிட்டார்கள்.

இரண்டு பெட்டிகளையும் களத்தில் வைத்துவிட்டு ஆசாரி கேட்டார். "பாலிஷா, எண்ணெயா?"

இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான்தான் தூது.

"ரெண்டுக்கும் பாலிஷுதான்னு உங்க சித்தப்பன்கிட்ட சொல்லு பாப்பா" என்றார் அப்பா.

இரண்டு முழம் தள்ளி நின்ற சித்தப்பா, "மரம் மரமாவே இருக்கட்டும், எண்ணெய் போதும்னு உங்கப்பன்கிட்ட சொல்லு" என்றார்.

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கீழே கிடந்த உளியை ஆசாரி மெல்ல எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுக்கு அது, ஒண்ணுக்கு இது. சண்ட வேணாம் சாமி."

மறுநாள் பெட்டிகள் காய்ந்திருந்தன. முதலில் குனிந்தவர் சித்தப்பா. அப்பா கேட்ட பாலிஷ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். அப்பா எண்ணெய்ப் பெட்டியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

சாகும்வரை அப்பா அதற்கு மாதம் தவறாமல் எண்ணெய் தேய்த்தார். சித்தப்பாவோடு மட்டும் கடைசிவரை பேசவில்லை.

"இந்தப் பழைய பெட்டிக்கும் ஒரு கை பூசிடட்டுமாம்மா?" என்கிறார் பாலிஷ்காரர்.

"தொடாதப்பா!" என்று கத்திவிட்டேன். "அதுக்கு எண்ணெய்தான்."