அன்புக்கரசி வாங்காத கூலி

அன்புக்கரசிக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு. ‘சும்மா.’

யாராவது ஒரு பொருளைச் சும்மா கொடுத்தார்கள், சும்மா கிடைத்தது என்று பேச்செடுத்தால் போதும், பக்கத்தில் இருக்கும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கலவை குழைக்கப் போய்விடுவாள். கையில் தூக்குவாளியோடு காலையில் நாகல் நகர் முக்கில் வேலைக்கு நிற்கும் சித்தாள்களில் அவளும் ஒருத்தி. வயது நாற்பத்து நான்கு. கல்யாணமான மறு வருஷம் சாந்துச் சட்டியைத் தலையில் வைத்தவள், இன்னும் இறக்கவில்லை.

கூலி விஷயத்தில் அவளை ஏமாற்ற நினைத்தவர்கள் திண்டுக்கல்லில் நிம்மதியாகத் தூங்கியதில்லை. ஒரு மேஸ்திரி அரை நாள் கூலியைப் பாக்கி வைத்துவிட்டு, இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தான். அவன் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. அன்புக்கரசி நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு விசேஷத்துக்குப் போனாள். பந்தியில் உட்கார்ந்து ரசம் வரைக்கும் பொறுமையாகச் சாப்பிட்டாள். கை கழுவினாள். மொய் எழுதும் மேஜைக்கு நேராகப் போய், “அண்ணே, அந்த அரை நாள் கூலி” என்று கையை நீட்டினாள். சொந்தபந்தமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, மேஸ்திரி மொய்த் தட்டில் இருந்தே எடுத்துக் கொடுத்தான். மொய் எழுதும் இடத்தில் மொய் வாங்கிக்கொண்டு போனவள் என்று இன்றைக்கும் அவளைக் கேலி பேசுவார்கள். அவளுக்கு அதில் வெட்கம் கிடையாது. பெருமைதான்.

வெட்கப்பட்டது வேறொன்றுக்கு.

அவள் புருஷன் சூசைமாணிக்கம் நல்ல கொத்தனார். மஞ்சள் காமாலை வந்து, பத்தியமும் மருந்துமாக இழுத்துக்கொண்டிருந்து போய்ச் சேர்ந்தான். மகள் தமிழ்நிலா அப்போது கைக்குழந்தை. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் யாரோ ஊரில் ஒரு சங்கத்தாரிடம் சொல்லிவிட, அவர்கள் அன்புக்கரசியை மேடைக்கு அழைத்து ஒரு மூட்டை அரிசியும் ஒரு சேலையும் கொடுத்தார்கள். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள், அதைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் போட்டோ எடுத்தார்கள். “நிமிந்து பாருங்கம்மா” என்றார்கள். அவளால் நிமிர முடியவில்லை. குனிந்த தலையோடு மூட்டையைத் தொட்டுக்கொண்டு நின்ற அந்தப் படத்தை ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்து, ‘ஆதரவற்ற விதவைக்கு உதவிக்கரம்’ என்று எழுதி, ஊரில் வேறு இடமே இல்லாத மாதிரி நாகல் நகர் முக்கில் கொண்டுவந்து கட்டினார்கள்.

தினமும் காலையில் அவள் வேலைக்கு நின்றது அந்தப் படத்துக்குக் கீழேதான். மேலே ஒரு அன்புக்கரசி அரிசி வாங்கிக்கொண்டிருப்பாள். கீழே ஒரு அன்புக்கரசி சித்தாள் வேலைக்கு ஆள் எடுப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஆள் எடுக்க வந்த ஒருவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஒனக்குத்தான் வீடு தேடி வருதேத்தா, வேல எதுக்கு?” என்று சொல்லி வேறொருத்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி நடந்தவள் வழியெல்லாம் அழுதாள். புருஷன் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

அந்த ஃபிளெக்ஸ் கடைசியில் காற்றில் கிழிந்து விழுந்தது. விட்டது சனியன் என்று இருந்தாள். எங்கே விட்டது? கட்டட வேலைக்காரர்கள் ஃபிளெக்ஸை வீணாக்குவார்களா? மேஸ்திரி சடையாண்டி அதைச் சுருட்டி எடுத்து வைத்திருந்தார். மழை வந்தால் சிமெண்டு மூட்டைமேல் மூடுவதற்கு அதைவிடத் தோதான படுதா கிடையாது. சைட்டுக்கு சைட்டு அவருடைய சாமான்களோடு அதுவும் வரும். மூடுவது அன்புக்கரசியின் வேலை. முகம் தெரியாமல் படம் இருக்கும் பக்கத்தைக் கீழே திருப்பித்தான் விரிப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மாற்றி விரித்தது இல்லை.

அதிலிருந்துதான் ‘சும்மா’ ஆகாமல் போனது. பெண்களுக்குக் கட்டணமில்லை என்று எழுதிய பஸ் வந்து நின்றால், கைக்காசு போட்டு ஏற அடுத்த தனியார் பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். கூட நிற்கும் பெண்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “மகாராணி, கார் இன்னும் வரலையா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த வீம்பெல்லாம் தமிழ்நிலா பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரைக்கும் ஓடியது. பெண் பார்மசி படிக்க ஆசைப்பட்டாள். மதுரையில் இடமும் கிடைத்தது. காதில் கிடந்த தோட்டை அடகு வைத்து முதல் தவணையைக் கட்டியாயிற்று. மீதியையும் ஹாஸ்டல் செலவையும் எதை வைத்துக் கட்டுவது? இன்னொரு ஜோடிக் காதா இருக்கிறது? அவர்கள் தெருவுக்குத் தினமும் நூற்பாலை வேன் வரும். தமிழ்நிலாவோடு படித்த பெண்கள் இரண்டு பேர் அதில் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். வேன்காரன் இவர்கள் வாசலிலும் ஒரு ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

சடையாண்டி சொன்னார், “தாயி, கட்டடத் தொழிலாளர் வாரியத்துல பதிஞ்சு வையி. புள்ள படிப்புக்கு ஒதவி வரும். நானும் ரெண்டு வருசமா கத்துறேன்.”

“வேணாம்ணே. ஓசிக்கு வாங்குனதெல்லாம் போதும்.”

“ஒனக்குப் போதும். புள்ளைக்கு?”

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கலவை குழைக்கப் போய்விட்டாள். வீட்டில் தமிழ்நிலா சொன்னாள். “ஒன் ரோசத்துக்கு நான் மில்லுக்குப் போகணுமாம்மா?” சத்தம்போட்டுக் கேட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம். அவள் மெதுவாகக் கேட்டாள்.

அந்தச் சமயத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது வெங்காய மண்டி இளஞ்செழியன் வீட்டில். வீடு என்று சொல்வது மரியாதைக்கு. மூன்று மாடி, உள்ளே லிஃப்ட், கார் நிற்க மட்டும் அன்புக்கரசி வீட்டைப் போல நான்கு வீடு அளவுக்கு இடம். கெட்ட மனுஷர் இல்லை. மூட்டை தூக்கி முன்னுக்கு வந்தவர், வேலைக்காரர்களுக்கு டீயும் வடையும் தன் கணக்கில் வாங்கிக் கொடுப்பவர். ஆனால் வடையோடு ஒரு பிரசங்கமும் கிடைக்கும்.

“பஸ்ஸு ஓசி, அரிசி ஓசி, மாசமானா பேங்க்குல காசு ஓசி. எவன் வீட்டுக் காசு? நான் கட்டுற வரி! உழைக்கிறவன் முதுகுல ஏறி ஊரே சவாரி போகுது, மேஸ்திரி.”

மற்ற சித்தாள்கள் வடையை மென்றபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தலையில் கல்லோடு நிற்பவர்களைப் பார்த்து உழைப்பைப் பற்றிப் பேசினால் வேறென்ன செய்வார்கள்? அன்புக்கரசி மட்டும் தலையாட்டுவாள். அவளுக்கு அவர் பேச்சு நியாயமாகத்தான் பட்டது.

ஒரு நாள் பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது.

“இந்த வீட்டையே எடுத்துக்கங்க. பிளான் அப்ரூவலுக்குப் போனா, லேபர் நல நிதியாம், கட்டடச் செலவுல நூத்துக்கு ஒரு ரூவா வாங்கிட்டாய்ங்க. ஒரு செங்கல்லு வைக்கல, அதுக்குள்ள லேபருக்குக் காசு! சரி, குடுத்தாச்சு. எந்த லேபர் வாங்குனான்? ஏம்மா, நீ வாங்குனியா?”

அன்புக்கரசியைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் வடையைக் கீழே வைத்தாள்.

“யாருக்கு வாங்குனாங்க மொதலாளி?”

“லேபருக்குத்தான். கட்டட வேலை பாக்குறவங்களுக்குன்னு வாரியத்துக்குப் போகுதாம்.”

“இந்த வீட்டுக்கு மட்டுமா?”

“எல்லாக் கட்டடத்துக்குந்தான். கடை, மண்டபம், ஆஸ்பத்திரி, எவன் பெருசாக் கட்டுனாலும் கட்டணும்.”

அவள் எழுந்து வேலைக்குப் போனாள். மீதி நேரம் முழுக்கச் சட்டி சுமந்தாள், ஆனால் கீழே கலவை போடுபவன் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. சாயங்காலம் பஸ் ஏறாமல் நடந்தே போனாள். வழியில் ஒரு ஸ்கேன் சென்டர். தளம் போட்ட அன்றைக்கு அதன் மொத்த ஜல்லியும் அவள் சும்மாட்டின்மேல்தான் ஏறி இறங்கியது. அதைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபம், பிறகு ஒரு ஜவுளிக்கடை. பேகம்பூர் பக்கம் திரும்பினால் தோல் மண்டிக்காரர் ஒருவரின் பெரிய வீடு, அதன் மாடிப்படிக்குக் கல் தூக்கிக் கொடுத்ததில்தான் அவள் கட்டைவிரல் நகம் போனது. ஒவ்வொன்றும் கட்டும்போது அவளுக்கென்று ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். அரை நாள் கூலிக்காகக் காதுகுத்து வீட்டுக்குப் போனவள், இத்தனை வருஷமாக இதை வாங்காமல் விட்டிருக்கிறாள்!

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை, அதனால் சடையாண்டி வீட்டுக்குப் போனாள்.

“ஏண்ணே, ரெண்டு வருசமா ஒதவி ஒதவின்னுதான சொன்னீக? கூலின்னு ஒரு வார்த்த சொன்னீகளா?”

சட்டப்படி பார்த்தால் அது கூலி இல்லை. அதை அவளிடம் விளக்கி வாங்கிக் கட்டிக்கொள்ள சடையாண்டிக்கு மனமில்லை. “சரி தாயி, கூலிதான். போயி வாங்கிக்க” என்றார்.

பேகம்பூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பர்ஹானாதான் பதிவு செய்து கொடுப்பவள். அன்புக்கரசியின் விரலை மிஷின்மேல் வைக்கச் சொன்னாள். ரேகை விழவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். இருபது வருஷத்துச் சிமெண்டு தின்ற விரல்களில் மிஷினுக்கு எதுவும் அகப்படவில்லை.

“கட்டட வேலைதான் பாக்குறீங்கன்னு இதுக்கு மேல என்னக்கா சாட்சி வேணும்?” என்று பர்ஹானா சிரித்தாள். “ஆனா மிஷினுக்கு அது புரியாதே. நல்லெண்ணெய் தடவிக்கிட்டு ரெண்டு நாள் கழிச்சு வாங்க. வரும்போது வேலை பாக்குற இடத்து ஓனர்கிட்ட, இவங்க இங்க வேலை பாக்குறாங்கன்னு இந்தத் தாள்ல கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க.”

ஓனர் என்றால் இளஞ்செழியன். ஓசி என்ற சொல் வாயிலிருந்து இறங்காத அதே இளஞ்செழியன். அவர் முடியாது என்றால் சுற்றிச் சுற்றி எல்லாம் தமிழ்நிலாவின் தலையில்தான் வந்து விடியும். இரண்டாம் தவணைக்கு நாளும் நெருங்கியிருந்தது.

மறுநாள் அவர் வந்து நாற்காலியில் உட்காரும் வரை பொறுத்திருந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்த் தாளை நீட்டினாள். அவர் வாசித்தார். புருவம் ஏறியது.

“ஏம்மா, நீயுமா? நான் பேசும்போதெல்லாம் நீ ஒருத்திதான் தலையாட்டுவ. ஒன்னைய ரோசக்காரின்னு நெனச்சேன்.”

சாரத்தின்மேல் கொத்தனார்களின் கை நின்றுவிட்டது. அன்புக்கரசிக்கு அந்தப் பழைய மேடை நினைவுக்கு வந்தது. கழுத்து தானாகக் குனியப் பார்த்தது. அவள் விடவில்லை.

“ரோசந்தான் மொதலாளி. நூத்துக்கு ஒரு ரூவா லேபருக்குன்னு கட்டுனேன், எந்த லேபரும் வாங்குனதாத் தெரியலன்னு நீங்கதான வருத்தப்பட்டீக? நான் வாங்கிக்கிறேன். ஒங்க காசு வீணாப் போயிரக்கூடாதுல்ல.”

மேலே யாரோ சிரித்தார்கள். இளஞ்செழியன் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பத்துப் பைசா கணக்குக்கு லாரிக்காரனோடு மல்லுக்கட்டுகிற மனுஷர். தன் காசு போய்ச் சேர வேண்டிய இடம் எதிரே சாந்து காயாத கையோடு நின்றுகொண்டிருப்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். உரக்கச் சிரித்துவிட்டார்.

“எதுக்கு இந்தக் காசு?”

“மக பார்மசி படிக்குது.”

“அடி சக்கை!” பேனாவை எடுத்துப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். போட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “இப்படி நில்லு, தாள ரெண்டு பேரும் பிடிச்ச மாதிரி ஒரு போட்டோ. நம்ம மண்டி குரூப்புல போடுவோம்.”

அன்புக்கரசி தாளை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

“போட்டோ வேணாம் மொதலாளி. கூலி வாங்கும்போது யாரும் போட்டோ எடுக்குறதில்ல.”

இளஞ்செழியன் போனைப் பைக்குள் வைத்தார். அன்றைக்கு வடையோடு பிரசங்கம் வரவில்லை.

எண்ணெய் தடவிய விரலில் மூன்றாவது தடவை ரேகை விழுந்தது. அட்டை வந்தது. காசு கொஞ்சம் தாமதமாக வந்தது. அதுவரைக்கும் சடையாண்டி கைமாற்றுக் கொடுத்தார், உடனே திருப்பியும் வாங்கிக்கொண்டார். மொத்தச் செலவுக்கும் அது போதாதுதான். மீதிக்கு அவள் சட்டி சுமக்கிறாள். ஆனால் தமிழ்நிலா இப்போது மதுரையில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், வேன்காரன் இந்த வாசலில் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டான். இளஞ்செழியன் பஸ்ஸையும் அரிசியையும் இன்னும் திட்டுகிறார். நடுவில் மட்டும், “என் வீட்டுக் காசுல ஒரு புள்ள பார்மசி படிக்குதுய்யா” என்று மண்டியில் பெருமையடித்துக்கொள்கிறார் என்று கேள்வி. கட்டணமில்லாத பஸ்ஸில் ஏறுவதே இல்லை என்று அன்புக்கரசி இப்போதும் சொல்லிக்கொள்கிறாள். மழை நாளில் அவளை அதில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

போன ஐப்பசியில் வேறொரு சைட்டில் வேலை. திடுதிப்பென்று மழை பிடித்துக்கொண்டது. சிமெண்டு மூட்டைகள் திறந்து கிடந்தன. அன்புக்கரசி ஓடிப்போய்ப் படுதாவை உதறி, எந்தப் பக்கம் என்று பார்க்காமல் மூடினாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் மணிமேகலை, வேலைக்குப் புதிதாக வந்த சித்தாள். அவள் மழையில் கண்ணைச் சுருக்கிக் கீழே பார்த்தாள். நிறம் வெளுத்த ஒரு பெண், தலை குனிந்தபடி.

“யக்கா! இது நீங்களா?”

அன்புக்கரசியும் குனிந்து பார்த்தாள்.

“ஆமா, நாந்தான். அப்ப ரொம்ப ஒல்லியா இருந்தேன்” என்றாள். “அந்த முனைய நல்லா இழுத்து விடு, மூட்ட நனையுது.”