ஒளி வளையும் என்று சொன்னதற்காக

வாழ்க்கையில் நான் பழிவாங்க நினைத்தது ஒரே ஒருவரைத்தான். அவர் எங்கள் ஆரணியில் டியூஷன் சென்டர் நடத்திய இயற்பியல் சார். ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளூர் கேபிள் சேனலில் நேரலையாக வினாடி வினா நடத்துவார். சரியான பதில் சொல்பவருக்குப் பட்டுக்கடை ஒன்று புடவை கொடுக்கும். இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய காலம். தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்.

நானும் இயற்பியல் படித்தவள்தான். தினமும் பஸ்ஸில் வேலூர் போய் வந்து வாங்கிய பி.எஸ்சி. கல்யாணத்துக்குப் பிறகு என்னுடையது என்று சொல்லிக்கொள்ள வீட்டு மாடியில் நடத்திய டியூஷன் மட்டும்தான் இருந்தது. மற்றதெல்லாம் புகுந்த வீட்டாருடையது. தறி அவர்களுடையது, பேச்சும் அவர்களுடையது.

ஒரு ஞாயிறு அவர் கேட்டார்: "எந்தச் சக்தியாலும் இழுக்க முடியாம, எப்பவும் நேர்க்கோட்டுலயே போறது எது?" பதில் ஒளியாம். எனக்குப் பொறுக்கவில்லை. போன் போட்டு, "சார், கேள்வியே தப்பு. சூரியனை ஒட்டி வர்ற நட்சத்திர வெளிச்சம் அதோட ஈர்ப்பால வளையுது. கிரகணத்தப்போ அளந்தே பாத்திருக்காங்க" என்றேன்.

அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, உங்க வீட்டு டியூப்லைட்டு வெளிச்சம் வளைஞ்சுகினு சமையல்கட்டுக்குப் போவுதா? போய் அடுப்பைப் பாருங்கமா, பால் பொங்கிடப் போவுது."

ஊரே சிரித்தது. மறுநாள் காய்க்காரர் முதற்கொண்டு எல்லாருக்கும் நான் 'வளைஞ்ச லைட்டு டீச்சர்'. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் பிள்ளைகள் டியூஷனுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். "தப்பா சொல்லித் தராங்கன்னு டிவிலயே தெரிஞ்சுபோச்சே" என்று ஒரு அம்மா என் முகத்துக்கு நேரே சொன்னார். மிஞ்சியது என் மகளும் அவளுடைய தோழிகள் சிலரும்தான். "விட்டுத் தொலையேன், எதுக்கு பேஜாரு" என்றார் என் கணவர். நான் விடுவதாக இல்லை. எந்த டிவியில் என் மூக்கை உடைத்தாரோ, அதே டிவியில் அவர் வாயாலேயே "அந்தம்மா சொன்னதுதான் சரி" என்று வரவேண்டும்.

நேரலையில் ஒரு வசதி உண்டு. போன் வந்தால் எடுத்தாக வேண்டும். அடுத்த ஞாயிறு கூப்பிட்டேன். "சார், கண்ணமங்கலம் பஸ் வேகமா போய்கினு இருக்குது. முன்னால லைட்டைப் போட்டா பஸ்ஸோட வேகமும் வெளிச்சத்தோட வேகத்துல சேருமா?"

"சேரும். இதுல என்னம்மா சந்தேகம்" என்றார்.

"சேராது சார். பஸ்ஸுல இருக்கறவருக்கும் ரோட்டுல நிக்கறவருக்கும் ஒளியோட வேகம் ஒண்ணுதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம், கனமான நட்சத்திரத்திலிருந்து மேலே ஏறி வரும் ஒளி எதை இழக்கும் என்று கேட்டேன். வேகத்தை என்றார். "இல்ல சார், வேகம் அப்படியேதான் இருக்கும். சக்திதான் குறையும், அதனால நிறம் சிவப்புப் பக்கமா நகரும்" என்றேன். பட்டுக்குச் சாயம் போட்டுப் பிழைக்கும் ஊர். நிறம் என்றதும் எல்லாரும் காது கொடுத்துக் கேட்டார்கள். பிறகு என் குரல் கேட்டாலே போனை வைக்க ஆரம்பித்தார். நான் மகளின் தோழிகளை எஸ்.டி.டி. பூத்துகளுக்கு அனுப்பிக் கேட்க வைத்தேன். அவர் நெற்றி வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிடுவேன். அவ்வளவு ருசியான இட்லியை அதற்கு முன் நான் சாப்பிட்டதில்லை.

கடைசியில் பரிசுப் புடவையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "டீச்சரம்மா, இதை வச்சுக்குங்க, இத்தோட விட்ருங்க. கடைக்காரரு நிகழ்ச்சியவே நிறுத்திடுவேன்றாரு."

உட்காரக்கூடச் சொல்லாமல் வாசலிலேயே நிற்கவைத்து, "புடவை வேணாம் சார். டிவியில சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். வெறுமனே சொல்லியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அடுத்த ஞாயிறு நேரலையில் அவர் அந்தப் பட்டுப்புடவையை நாலு பேரைவிட்டு நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நடுவில் ஒரு எடைக்கல்லை வைத்தார். துணி குழிந்தது. ஓரமாக ஒரு கோலியை உருட்டிவிட்டார்; அது கல்லை ஒட்டி வளைந்து போனது.

"அந்தம்மா சொன்னதுதான் சரி. நான் படிக்காம சிரிச்சிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா பாருங்க, கோலி நேராத்தான் போவப் பாக்குது. துணியே பள்ளமாயிட்டா அது என்ன பண்ணும்? ஒளியும் அப்படித்தான். அது நேராத்தான் போய்கினு இருக்குது, இடமே வளைஞ்சிருக்குது."

மன்னிப்பும் கேட்டாயிற்று, தன் பழைய பதிலில் பாதியைக் காப்பாற்றிக்கொண்டும் ஆயிற்று. அவர் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க எனக்கு ஓர் இடமும் இல்லை. வயிறு எரிந்தது. இத்தனை வாரம் கேள்வி கேட்ட எனக்கு அந்தப் புடவையும் கோலியும் தோன்றவே இல்லை.

ஊரெல்லாம் அவர் பேச்சாகிவிட்டது. மாடியில் மிஞ்சியிருந்த பெண்களும் ஒவ்வொருத்தியாக அவருடைய சென்டரில் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் என் மகள் வந்து நின்றாள். "நானும் அங்கயே போறேம்மா. அவரு சொன்னா புரியுது."

அனுப்பினேன். முதல் நாள் திரும்பி வந்தவளைச் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. "எங்கயாவது தப்பா சொன்னாரா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா" என்றாள்.

நாளைக்கும் கேட்பேன் என்று சொல்லித்தான் அவளை உள்ளே விட்டேன்.