மணிக்கட்டில் இருந்த அளவு

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு வெட்டுக்காரம்மா என்று பெயர். எந்தப் பொருளும் கடைக்குப் போகுமுன் அதற்கு மாதிரிப் பெட்டி வெட்டித் தருவது பதினாறு வருடமாக அவள் வேலை. கணினியில் வரும் அளவைப் பேனாவால் இடது மணிக்கட்டில் எழுதிக்கொண்டுதான் கத்தியைத் தொடுவாள். துண்டுச்சீட்டு தொலையும், கை தொலையுமா?

கை தொலையவில்லை. கையைக் கொழுந்தன் படித்துவிட்டான்.

மாடி அறையில் கேமராவை வைத்துக்கொண்டு, வரப்போகும் கேம் கன்சோல்களைப் பற்றித் தன் யூடியூப் சேனலில் ஆரூடம் சொல்வது அவன் பிழைப்பு. ‘தலைமையகத்துல நமக்கு ஆள் இருக்கு’ என்பது அவன் பல்லவி. புதிய கன்சோலின் பெட்டி உயரம் நானூற்றுப் பதினேழு மில்லிமீட்டர் என்று அவன் அறிவித்த மறுநாள், மேலாளர் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“கன்சோல்காரங்க நாலு பெட்டிக் கம்பெனிகிட்ட மாதிரி கேட்டிருந்தாங்கம்மா. நாலு பேருக்கும் நாலு அளவு. ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். வெளிய வந்தது நம்ம அளவு.”

அவள் தன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள்.

“நாளைக்கு செய்தியாளர் சந்திப்புல அவங்களே மெஷினைக் காட்டிடுவாங்க. அதுக்குள்ள இது எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியணும். இல்லேன்னா நீங்க வித்துட்டீங்கன்னுதான் எழுதி அனுப்புவேன். வேலையும் இருக்காது.”

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறினாள்.

“ஒரு வரி எழுதிக் குடு. எனக்குத் தெரியாம என் கையைப் பார்த்தேன்னு.”

“அதெப்படி அண்ணி? தகவல் குடுத்தவங்களக் காட்டிக் குடுக்கக் கூடாது. எங்க தொழில் தர்மம்.”

“நான் எங்கடா குடுத்தேன்? நீ திருடின!”

“கத்தாதீங்க. ஆறு மணிக்கு லைவ் இருக்கு.”

கீழே கணவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “சின்னப் பையன், விடு.”

“முப்பத்திரண்டு வயசு. இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சின்னப் பையன்?”

ஆறு பத்துக்கு மறுபடி மாடி ஏறினாள். நாளைக்கு விலையைச் சொல்வார்களா, டிஸ்க் போடும் வசதி உண்டா என்று இருபதாயிரம் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “தலைமையகத்துல நம்ம ஆள் என்ன சொல்றார்னா...” என்று அவன் இழுத்துக்கொண்டிருந்தான். அவள் நேராகப் போய்க் கேமரா முன்னால் நின்றாள்.

“அந்த ஆள் நான்தான். இவனோட அண்ணி. தலைமையகம் எந்தத் திசையில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. பெட்டி வெட்டுறேன். இவனுக்குச் சோறு போடும்போது என் கையில எழுதியிருந்ததப் பார்த்து உங்களுக்கு ஓதியிருக்கான். அதுவும் நிஜ அளவுதானான்னே தெரியாது. கசிய விடுறவனப் பிடிக்கக் குடுத்தது.”

“அண்ணி, வெளிய போங்க!”

“ஆமாவா இல்லையா? சொல்லு, போறேன்.”

திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடின. ‘பதில் சொல்லு தலைவா’ என்றான் ஒருவன். ‘சேனலை அண்ணிக்கே எழுதி வைங்க’ என்றான் இன்னொருவன். கொழுந்தனின் முகம் பேயறைந்தது போல் ஆயிற்று.

“ஆமா” என்றான், மேஜையைப் பார்த்து.

காலையில் மேலாளர் சுருக்கமாகப் பேசினார். “பார்த்தேன். விக்கலைன்னு எழுதிட்டேன். ஆனா வெட்டு மேஜை இனிமே வேண்டாம். பசை ஒட்டுற பக்கம் போங்க.”

வேலை மிஞ்சியது, மேஜை போயிற்று. பதினாறு வருடக் கத்தியை அவர் முன்னால் வைத்தாள். நன்றி சொல்லவில்லை.

அன்று சாயங்காலம், செய்தியாளர் சந்திப்பு முடிந்திருந்த நேரத்தில், கொழுந்தன் படியில் வழிமறித்தான்.

“பத்தாயிரம் பேர் என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க. இப்ப சந்தோஷமா?”

“மிச்சப் பேருக்கு இன்னுமா புத்தி வரல?” என்று அவனைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.