சீனியர் சொன்னால் தட்டாதே

அமெரிக்காவின் ஸ்டேட் யூனிவர்சிட்டிகளில் பாதியை வளர்த்துவிட்டது அமீர்பேட் காஞ்சனாதான். சரி, பாதி என்பது கொஞ்சம் ஓவர். எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்கிற என் மருமகள் காஞ்சனாவே முறைக்கிறாள். ஆனால் மெட்ரோ ஸ்டேஷன் எதிரே மாடியில் இருக்கும் கன்சல்டன்சியில் அவள் பேசி அனுப்பிவைத்த பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்தினால் ஒரு சின்ன ஊர் நிரம்பும். அதில் பொய்யில்லை.

விமானம் ஏறும் பிள்ளையை, அங்கே ஏற்கெனவே படிக்கும் ஒரு சீனியரிடம் ஒப்படைப்பது அந்த ஆபீஸ் வழக்கம். ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிப்போவது, ரூம் பிடிப்பது, புளி எங்கே கிடைக்கும் என்று காட்டுவது எல்லாம் சீனியர்தான். அதனால் காஞ்சனா எல்லாருக்கும் சொல்லி அனுப்புவது ஒன்றே ஒன்று: "சீனியர் சொன்னா தட்டாதே." தன் மகன் அனிருத்தை அனுப்பும்போதும் அதையேதான் சொன்னாள்.

அன்று காலை அவள் ஆபீசுக்குள் நுழையும்போது அனிருத் கூப்பிட்டான். அங்கே அப்போது இரவு. குரல் ஒடுங்கியிருந்தது.

"அம்மா, ஃபிரட்டர்னிட்டில என்னைச் சேத்துக்கறாங்க. இன்னிக்குக் கடைசிச் சடங்கு. பேஸ்மென்ட்ல. கண்ணைக் கட்டுவாங்களாம்."

"கண்ணையா? கைக்குடா, எதுக்கு?"

"தெரியல. சீனியர் போனைக் கேக்கறாரு..."

அவ்வளவுதான். திரும்ப அடித்தால் சுவிட்ச் ஆஃப்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தவளுக்கு எதிரே செல்லம்மா காத்திருந்தாள். அவள் கணவனுக்குப் பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி வேலை. மகன் போகப்போவதும் அனிருத் படிக்கும் அதே யூனிவர்சிட்டிதான்.

"மேடம், கிரேக்க எழுத்துல பேரு போட்டுப் பையனுங்களே நடத்துற வீடு இருக்காமே? அதுல சேந்தா வேலைக்கு ஒத்தாசைன்னு குதிக்கிறான். நல்லதா?"

காஞ்சனாவின் வாய் பழக்கத்தில் ஓடியது. "அந்த யூனிவர்சிட்டியெல்லாம் விவசாயம், மெஷின் வேலை சொல்லித்தர கவர்மென்ட் நிலம் குடுத்து வளர்ந்ததும்மா. பிள்ளைங்க வந்து குவிஞ்சாங்க, ஹாஸ்டல் பத்தல. பையன்களே சேந்து வீடு பிடிச்சாங்க, அதான் ஃபிரட்டர்னிட்டி. நம்ம ஊர்ச் சங்கம் மாதிரின்னு வெச்சுக்கோங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சங்கத்தில் எதற்குக் கண்ணைக் கட்ட வேண்டும்? இப்படிச் சடங்கென்று குடிக்கவைத்துச் செத்துப்போன பையன்களைப் பற்றி அவளும் படித்திருந்தாள். முகம் தெரியாத அந்தப் பையன்கள் எல்லாம் இப்போது அனிருத் முகத்தோடே வந்தார்கள். எங்கள் குகட்பள்ளி வீட்டில் தரைக்குக் கீழே ஓர் அறை கிடையாது. பேஸ்மென்ட் எவ்வளவு இருட்டாக இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஏசி ஓடியும் முதுகு நனைந்தது.

"என்னா மேடம், முகம் வெளுத்துப்போச்சு? உங்க பையனும் அங்கதானே?"

"ஹவ்," என்று ஆமாம் போட்டாள் காஞ்சனா. அதற்குமேல் சமாளிக்க முடியவில்லை. செல்லம்மா பார்க்கப் பார்க்கவே போனை வாயருகே வைத்து மெசேஜ் பேசினாள். "டேய் அனிருத், சீனியர் சொன்னாலும் நக்கோ, வேணாம்னு சொல்லு. எதையும் குடிக்காதே. அம்மா முன்னாடி சொன்னதை மறந்துடு."

ஒற்றை டிக். அது இரட்டையாகவே இல்லை.

செல்லம்மா மகனுடைய ஃபைலை மூடிப் பையில் வைத்தாள். ஆனால் எழுந்து போகவில்லை. "போன் வரட்டும், இருக்கேன்," என்று காஞ்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் போன் அடித்தது. அனிருத்தேதான்! அம்மாவின் குரல் அந்தப் பேஸ்மென்டுக்குள் இடி மாதிரி இறங்கியதாம். கண்கட்டைப் பிய்த்தெறிந்து, "நக்கோ!" என்று அவன் போட்ட சத்தத்தில் சீனியர்கள் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டார்களாம்...

"நிறுத்துங்க அத்தை." காஞ்சனா கீரையைக் கீழே வைத்தாள். "போன் பண்ணினது ஆஸ்பத்திரி நர்ஸ். பக்கத்துல நின்ன பையன் சரிஞ்சு விழுந்ததும் யாரோ பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாங்க, அதுலதான் இவனும் பிழைச்சான். என் மெசேஜைக் கேட்டதே மறுநாள். அவன் நக்கோன்னு சொல்லல. நான் சொல்லி அனுப்பினபடியே, தட்டாம குடிச்சான்."