கூரை போட்ட குளியலறை

கலியாணமாகி மலாயாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து இறங்கிய எனக்குச் சுன்னாகத்து வாடகை வீட்டில் எல்லாம் பிடித்திருந்தது, குளிக்கும் இடத்தைத் தவிர. கிணற்றடியில் மூன்று பக்கம் பனையோலை வேலி, ஒரு பக்கம் சாக்குத் திரை, மேலே வானம். அவ்வளவுதான் குளியலறை. பக்கத்து வளவில் நின்ற நான்கு பனைகளும் வேறு வேலையில்லாமல் அதற்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தப் பனைகளில் கள்ளுச் சீவ ஒருவர் காலையும் மாலையும் வருவார். மிகவும் மரியாதையான மனிதர். மரத்தடியில் நின்று, "ஏறப்போறன்!" என்று நாலு வளவுக்கும் கேட்கக் குரல் கொடுத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் ஏறுவார். குரல் கேட்டதும் கிணற்றடியில் நிற்கிற பெண்கள் குளித்தது பாதி குளியாதது பாதியாக வீட்டுக்குள் ஓடவேண்டும். அதுதான் வழக்கம். நான்கு பனையும் சீவி அவர் இறங்கும்வரை, கண்ணுக்குள் சவர்க்காரத்தோடு நான் அடுப்படியில் நிற்பேன். மலாயாவில் அப்பாவின் றெயில்வே வீட்டில் கதவைப் பூட்டிவிட்டுப் பாட்டுப் பாடிக் குளித்தவள் நான். இங்கே வந்த முதல் மாதத்தில் முழுதாக ஒரு குளிப்புக்கூட வாய்க்கவில்லை. ஒரு நாள் அழுதே விட்டேன்.

"ஊரெல்லாம் உப்பிடித்தானே குளிக்குது," என்றார் என் கணவர்.

"ஊர் குளிக்கட்டும். எனக்குக் கூரை வேணும். இல்லாட்டி அடுத்த கப்பலிலை நான் போறன்."

அடுத்த கப்பல் எப்போது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனாலும் மனுசன் பயந்துவிட்டார்.

அவர் பள்ளிக்கூடத்தில் கேத்திரகணிதம் படிப்பிக்கிறவர். கடதாசியில் படம் கீறி, நூல் பிடித்து, கோணம் அளந்து, ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று மூலைக்கு ஒன்றாக நாலு மரக்கப்பு நட்டார். நாலும் நாலு திசையைப் பார்த்தன. கையில் காசு குறைவு என்பதால் கிடைத்ததெல்லாம் எங்களுக்குச் சாமான். கடைக்காரரைக் கெஞ்சி வாங்கிய தேயிலைப் பெட்டிகளைப் பிரித்துக் கதவு செய்தோம். பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளை நான் பத்திரமாக உரித்துக் கதவின் உட்பக்கம் அடித்தேன். கண்ணாடி மாதிரி முகம் தெரியாவிட்டாலும், ஆள் நிற்பதாவது தெரிந்தது. உடைந்த ஓடுகளை நிலத்தில் பதித்தோம். வேலியின் உட்புறம் மண் அப்பி, வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து பூசினேன். நீலம் சற்றுக் கூடிவிட்டது. உள்ளே போனால் மைப்போத்தலுக்குள் நிற்பது போல இருந்தது. மேலே தென்னோலைக் கிடுகு வேய்ந்தாயிற்று. கடைசியாக உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அன்றைக்கு அதைப் பத்துத் தரமாவது போட்டுப் போட்டுத் திறந்திருப்பேன்.

எங்களுக்கு வாடகைக்குத் தந்த வீட்டுக்காரி அடுத்த வீட்டில்தான் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய விதவை. கிணறு எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொது.

"என்ன பிள்ளை உது?"

"குளிக்கிற அறை, மாமி."

"குளிக்கிறதுக்குக் கூரை என்னத்துக்கு? இண்டைக்குக் கூரை போடுவியள், நாளைக்குக் கோடேறி வளவே எங்கடை எண்டு சொல்லுவியள். வெள்ளிக்கிழமை பிடுங்கிப்போட வேணும். இல்லாட்டி நான் பிரக்கிராசியிட்டைப் போவன்."

வேலி ஒரு சாண் நகர்ந்தாலே பிரக்கிராசியைப் பிடித்துக் கோட்டில் வழக்குப் போடுகிற ஊர் அது. என் கணவர் உடனே, "ஓம், பிடுங்குவம்," என்றார். அவர் கிணற்றுத் துலாவுக்குக் கீழே கோவணத்தோடு நின்று குளிக்கிறவர். அவருக்கென்ன? கூரை எனக்கல்லவா வேண்டும். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்காரி தலையில் எண்ணெய் வைத்து, அரப்புக் கிண்ணத்தோடு முழுக வந்தார். எனக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது.

"மாமி, பிடுங்க முந்தி ஒருக்கா உள்ளுக்கை முழுகிப் பாருங்கோவன். தண்ணி நான் அள்ளித் தாறன்."

என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் இன்னொருத்தி தண்ணீர் அள்ளித் தருகிறேன் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. அவர் அரப்புத் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வளவிலிருந்து குரல் வந்தது.

"ஏறப்போறன்!"

கதவு படாரென்று திறந்தது. தலை நிறைய அரப்பு, இறுக்க மூடிய கண்கள், மார்போடு பிடித்த ஈரச்சேலை. வீட்டுக்காரி வெளியே பாய்ந்து, முற்றத்தைக் கடந்து, கண் தெரியாமல் எங்கள் விறாந்தைக்கே ஓடிவந்துவிட்டார். அங்கே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் அந்தப் பேப்பராலேயே முகத்தை மூடிக்கொண்டார். பனையடியில் நின்றவர் வழக்கம்போல மறுபக்கம் திரும்பித்தான் நின்றார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் போனேன். "மாமி, இப்ப கூரை இருக்கெல்லே."

அவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு திறந்து கிடந்த அந்த நீல அறையைப் பார்த்தார்.

"முப்பது வருசமா ஓடின கால், பிள்ளை," என்றார். "நில்லெண்டால் நிக்குதில்லை."

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோய்விட்டது. முப்பது வருசம் அரைக்குளிப்பு. நானோ ஒரு மாத அரைக்குளிப்புக்கே அழுதிருந்தேன்.

அவர் திரும்பிப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். நான்கு பனையும் சீவி முடிந்து, கள்ளுக்காரரும் போய், நான் எட்டாவது வாளியும் அள்ளிக் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார். கூரையைப் பற்றியோ பிரக்கிராசியைப் பற்றியோ ஒரு சொல் வரவில்லை.

அடுத்த நாள் காலை குறுக்குக்கட்டோடு, சவர்க்காரமும் துவாயுமாக ஆசையோடு கிணற்றடிக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது.

"பொறு பிள்ளை," என்றது உள்ளேயிருந்து குரல். "இப்பதான் வந்தனான்."

பொறுத்தேன். வெகுநேரம் பொறுத்தேன். பனையடியிலிருந்து, "ஏறப்போறன்!" என்று சத்தம் வந்தது. உள்ளே தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்க்கும் ஓசை கேட்டது. நான் அடுப்படிக்கு ஓடினேன்.