அக்கா டிக்கெட் வாங்கி வந்த நாள்

கெய்ன்வென் ரோட்ரிக்குக்குப் பயணிகள் மேல் எரிச்சல் வந்தால், மூக்குக்கண்ணாடியை நடுவிரலால் மேலே தள்ளிக்கொள்வாள். அதற்கு மேல் எதுவும் செய்ய மாட்டாள். வேல்ஸில் லாண்டட்னோ கடற்கரையில் காலையில் ஆட்களை ஏற்றி, மலைப்பக்கமெல்லாம் சுற்றிக் காட்டி, சாயங்காலம் அதே இடத்தில் இறக்கிவிடும் சின்ன வேன் அவளுடையது. அவளுடையது என்றால், ஓட்டுவதும் கதை சொல்வதும் அவள்; வண்டி எங்கள் முதலாளி கிரிஃபித்துடையது. "மேகம் எப்ப விலகும்?" என்று கேட்கிறவர்களுக்கும், பத்து நிமிடத்தில் வருவதாக இறங்கிப் போய் அரை மணி கழித்து ஐஸ்கிரீமோடு வருகிறவர்களுக்கும், மலை தெரியவில்லை, பணத்தைத் திருப்பித் தா என்கிறவர்களுக்கும் ஒரே புன்னகைதான். கண்ணாடி மட்டும் நாள் முழுக்க மேலே போய்க்கொண்டிருக்கும்.

முன்பு பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தாள். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடியபோது கிரிஃபித்திடம் வந்து, "பட்டாணி வேணாம்னு அழற ஒரு கூடம் புள்ளைங்களச் சமாளிச்சிருக்கேன். ஒரு வேன் ஆளுங்க என்ன பெரிசு?" என்று கேட்டு வேலை வாங்கினாள். பதினோரு வருடமாகிறது. அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை, அந்த மே மாதத்து நாளைத் தவிர.

நானும் அங்கே ஓட்டுநர்தான். அப்போது மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டிருந்தேன். வீட்டில் சும்மா இருப்பதற்குக் கெய்ன்வென் வண்டியில் போய்க் கதவாவது திறந்துவிடு என்று கிரிஃபித் அனுப்பிவைத்தார். அதனால் நடந்ததையெல்லாம் முன்சீட்டில் உட்கார்ந்தே பார்த்தேன்.

அன்றைக்கு அதிகம் பேர் இல்லை. லீட்ஸிலிருந்து வந்த ஹெப்வொர்த் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார், பெல்ஜியத்துப் பெண்கள் இருவர், எதற்கெடுத்தாலும் தலையாட்டும் ஒரு டச்சுத் தம்பதி. கடைசியாக ரயில் நிலையத்தில் டைலர் என்ற பெயரில் ஒரு அம்மாள் ஏற வேண்டியிருந்தது. நான் கதவைத் திறந்தேன். பச்சை மழைக்கோட்டும், கையில் பிஸ்கட் டப்பாவுமாக ஒரு கிழவி ஏறி, நேராக ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

கெய்ன்வென் வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது.

"அக்கா, நீ இங்க என்ன பண்ற?"

"டிக்கெட் வாங்கியிருக்கேன்டி. வண்டிய எடு, நேரமாச்சு."

மென்னாவைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். கெய்ன்வெனுக்கு எட்டு வயது மூத்தவள். இளம் வயதிலேயே இங்கிலாந்தில் உல்வர்ஹாம்ப்டனுக்குப் போய், அங்கே பஸ் டிப்போவில் வேலை பார்த்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள். கணவர் டைலர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். அக்காவைப் பற்றிக் கேட்டால் கெய்ன்வென், "நல்லாயிருக்கா. அதான் தூரத்துல இருக்காளே" என்பாள்.

ஊரைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்தது.

"மூணாவது கியர் போடு. இன்ஜின் அழுவுது."

கெய்ன்வென் கண்ணாடியை மேலே தள்ளினாள்.

கான்வி பள்ளத்தாக்கில், ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும் பழைய பாலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து மென்னா ஹெப்வொர்த்திடம் மெதுவாக, ஆனால் வண்டி முழுக்கக் கேட்கும்படி, "இவ சொல்ற பாலம் அடுத்ததுங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டார். அடுத்ததுதான். கெய்ன்வென் பேச்சை நிறுத்தாமல் அடுத்த பாலம் வந்ததும் அதே வாக்கியத்தை மறுபடி சொன்னாள். டச்சுக்காரர் தலையாட்டினார்.

அருவிப் பக்கம் இறங்கினோம். எல்லாரும் திரும்பி வர வேண்டிய நேரத்துக்கு ஒருவரும் வரவில்லை. போய்ப் பார்த்தால், மென்னா கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்று, சின்ன வயதில் தான் இங்கே வழுக்கி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெல்ஜியப் பெண்கள் அவள் டப்பாவிலிருந்து பிஸ்கட் தின்றுகொண்டு வாய்பிளந்து கேட்கிறார்கள். அருவியை யாரும் பார்க்கவில்லை.

"நேரம் ஆயிருச்சுங்க," என்றாள் கெய்ன்வென், அதே புன்னகையோடு.

"டிப்போவுல இப்படி லேட்டா எடுத்தா சம்பளத்துல கைவைப்பேன்," என்றாள் மென்னா.

"லேட் பண்றதே நீதான்!"

அவள் குரல் உயர்ந்ததை அன்று முதல் தடவையாகக் கேட்டேன்.

ஓக்வென் ஏரிக்கு மேலே சாலை ஓரத்தில் ஒரு இடம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே விரிந்திருக்கும். கெய்ன்வென் எப்போதும் அங்கே வண்டியை நிறுத்தி, கீழே இரண்டு மரங்களுக்கு நடுவே தெரியும் சாம்பல் நிற வீட்டைக் காட்டுவாள். அவள் பிறந்த பண்ணை வீடு. இப்போது வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அங்கே அவள் சொல்லும் கதைதான் எங்கள் கம்பெனியிலேயே பேர்போன கதை. அறுபத்துமூன்றாம் வருடப் பனியில் சாலையெல்லாம் மூடிப்போனது. ஆடுகள் கற்சுவர் ஓரமாகப் பனிக்குள் புதைந்துபோயின. அவள் அப்பா நீளக் கம்பியும் நாயுமாகத் தனியாகப் போய், ஆட்டின் மூச்சு பட்டுப் பனி மஞ்சளாகியிருந்த இடங்களைத் தேடித் தேடித் தோண்டி, மந்தையைக் காப்பாற்றினார். அந்த இடம் வரும்போது அவள் குரல் தணியும். சிலர் கண்ணைத் துடைப்பார்கள். சிலர் கைதட்டுவார்கள்.

அன்று அப்பா கம்பியை எடுக்கும் இடத்துக்கு வந்தபோது, பின்னாலிருந்து மென்னா சொன்னாள்: "அது அப்பா இல்ல. அம்மா."

கெய்ன்வென் பயணிகள் பக்கம் திரும்பி, "எங்க அக்காவுக்குக் கொஞ்சம் ஞாபக மறதி," என்றாள்.

உடனே மென்னா வேல்ஷ் மொழிக்கு மாறினாள்.

"எனக்கா மறதி? ஏண்டி, நீ அப்பப் பொறக்கவே இல்ல. நான் ஜன்னல்ல நின்னு பாத்தவ. அப்பா மண்ணெண்ணெய் வாங்கப் பெதெஸ்டாவுக்குப் போனாரு. ரோடு மூடிக்கிச்சு. பனி விடற வரைக்கும் சாராயக்கடை மாடியில சூடா உக்காந்திருந்தாரு."

"வாய மூடு அக்கா. ஊரே சொல்ற கதை அது."

"ஊருக்குச் சொன்னது யாரு? அவருதான்."

"அவர் செத்துப் பதினஞ்சு வருஷமாச்சு, இன்னுமா அவர விடமாட்ட?"

"நீதான் விடமாட்டேங்கிற. தினம் அவரத் தோண்டி எடுத்து மாலை போடற."

இப்படிச் சீட்டுக்கு மேலாக இரண்டு பேரும் கத்திக்கொண்டார்கள். பயணிகளுக்கு ஒரு வார்த்தை புரியாது. பெல்ஜியப் பெண்களில் ஒருத்தி கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். என் தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டாள்: "ரொம்ப அழகா இருக்கு. ரெண்டு பேர் மாத்தி மாத்திச் சொல்ற பழைய பாட்டா இது?"

"கிட்டத்தட்ட," என்றேன். அந்த நேரம் மென்னா தன் தங்கையைக் கழுதை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் மூச்சு வாங்க நிறுத்தியதும் டச்சுத் தம்பதி கைதட்டினார்கள். கெய்ன்வென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, வண்டியை எடுத்தாள்.

கோபத்தில் எடுத்ததால்தானோ என்னவோ, பெரிய சாலையில் போகாமல் பள்ளத்தாக்கின் மறுபக்கத்துப் பழைய பாதையில் இறங்கினாள். ஒரு வண்டி போகும் அகலம்தான். இரண்டு பக்கமும் கற்சுவர். பாதி வழியில் எதிரே ஒரு வீட்டுவண்டி வந்து நின்றது. கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களே, அந்த மாதிரிப் பெரிய வண்டி. ஒதுங்கும் இடம் அவருக்குப் பின்னால் கொஞ்ச தூரத்திலேயே இருந்தது. எங்களுக்குப் பின்னால் ரொம்பத் தூரம். அந்த மனிதர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பின்னால் எடுக்கத் தெரியாது என்று அர்த்தம்.

"எடுக்கத் தெரியாதவன்லாம் எதுக்கு வீட்டக் கூட்டிக்கிட்டு வரான்?" என்றாள் கெய்ன்வென். பயணிகள் முன்னால் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

அவள் இறங்குவதற்குள் மென்னா இறங்கிவிட்டாள். பச்சைக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் ஜன்னலுக்குப் போனாள்.

"தம்பி, என் கைய மட்டும் பாருங்க. பின்னாடி பாக்காதீங்க. பயப்படாதீங்க. மெதுவா. லெஃப்ட். போதும். நேராக்குங்க. இன்னும். இன்னும். யார் அவசரப்படச் சொன்னா?"

சுவரில் ஒரு கீறல் இல்லாமல் அந்த வண்டி ஒதுங்கியது. எங்கள் ஆட்கள் ஜன்னல் வழியாக ஆரவாரம் செய்தார்கள். மென்னா ஏறி உட்கார்ந்து, "இப்பப் போ. ரெண்டாவது கியர்," என்றாள். கெய்ன்வென் இரண்டாவது கியரில் போனாள். நன்றி சொல்லவில்லை.

மதியம் லான்பெரிஸில் சாப்பாடு. ஆட்டுக்கறியும் லீக் என்ற பெரிய வெங்காயத்தாளும் போட்ட சூப், ரொட்டி. நான் வேறு மேசைக்கு நகரப் பார்த்தேன். "உக்காரு எம்லின். ஒரு சாட்சி வேணும்," என்றாள் கெய்ன்வென். பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். "இப்பச் சொல்லு. எதுக்கு வந்த?"

"ஒரு மாசமா போன் பண்றேன். எப்பப் பண்ணாலும் 'வண்டில இருக்கேன், அப்புறம் பேசறேன்'. அந்த அப்புறம் வரவே இல்ல. உன்கூடப் பேசணும்னா டிக்கெட் எடுத்தாத்தான் ஆகும்னு தெரிஞ்சுது."

"அதுக்கு எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கணுமா?"

"அப்படி வரல. நீ அப்பா பேர எடுத்ததும் வாய் நிக்கல." மென்னா கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மாவோட வலது கையில ரெண்டு விரல் மரத்துக் கிடந்துச்சே, ஏன்னு உனக்குத் தெரியுமா?"

"துணி பிழியற உருளையில மாட்டிக்கிச்சுன்னு அம்மாதான் சொன்னா."

"நம்ம வீட்ல அந்த உருளையே இருந்ததில்ல கெய்ன்வென். அம்மா கையாலதான் பிழிவா."

கெய்ன்வென் என்னைப் பார்த்துச் சொன்னாள், அக்காவைப் பார்த்து அல்ல. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது அம்மாவின் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிடுவது அவள் வேலையாம். அம்மாவால் முடியாது. குளிர் நாளில் அந்த இரண்டு விரலும் மெழுகு மாதிரி வெளுத்திருக்குமாம்.

"அம்மா ஏன் சொல்லல?" என்றாள் கடைசியில்.

"நானும் அம்மாகிட்ட அதத்தான் கேட்டேன். 'எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. இப்ப மாத்தினா எந்த மொகத்தோட சந்தைக்குப் போவாரு?'ன்னா."

"இதச் சொல்லத்தான் வந்தியா?"

"இல்லடி. நான் திரும்பி வரேன். அங்க தனியா முடியல. உங்க தெருவுல தபால் ஆபீஸ் இருந்த வீட்ட எடுத்திருக்கேன்."

"என் வீட்டுக்கு எதிர்லயே இருக்கே, அதா?"

"அதேதான்."

கெய்ன்வென் கண்ணாடியை மேலே தள்ளினாள். ஏற்கெனவே அது மேலேதான் இருந்தது.

சாப்பிட்டபின் மலைக்கணவாய் ஏறினோம். மேகம் இறங்கி எல்லாவற்றையும் மறைத்திருந்தது, காட்ட ஒன்றுமில்லை. உச்சியில் நிறுத்தியபோது ஹெப்வொர்த் வாத்தியார் கையை உயர்த்தினார், வகுப்பில் மாதிரி. "தப்பா நினைக்காதீங்கம்மா. அந்தப் பனிக்கதை பாதியில நிக்குது. ஆட்டக் காப்பாத்தினது யாரு?"

அவள் மைக்கை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"எங்கம்மா," என்றாள். "எங்கப்பா வெளியூர்ல மாட்டிக்கிட்டாரு. எங்கம்மா தனியாப் போனா. கையில சரியான கையுறை இல்ல. தோண்டினா. ஆட்ட எடுத்தா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பதினோரு வருடத்தில் அவ்வளவு மோசமாக அவள் கதை சொல்லி நான் கேட்டதில்லை. குரல் தணியவுமில்லை, உயரவுமில்லை. யாரும் கைதட்டவில்லை. டச்சுக்கார அம்மாள் மட்டும் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கூடப் போன நாய் பேரு மோட்," என்றாள் மென்னா.

"அக்கா."

"சரி, சரி. நீ சொல்லு."

சாயங்காலம் எல்லாரையும் இறக்கிவிட்டு வண்டியைக் கழுவினோம். அவள் கழுவினாள், நான் ஒற்றைக் கையால் குழாயைப் பிடித்திருந்தேன். சக்கரத்துச் சேற்றை அடித்துத் தள்ளியபடியே பொரிந்தாள். "யார் மேல கோபப்படறதுன்னே தெரியல எம்லின். பொய் சொன்ன அவர் மேலயா? வாயத் தெறக்காத அம்மா மேலயா? இத்தன வருஷம் வயித்துல வச்சிருந்துட்டு என் வண்டில வந்து கொட்டின இவ மேலயா? எத்தன ஆயிரம் பேர் அவருக்குக் கை தட்டியிருப்பாங்க. அம்மாவுக்கு ஒருத்தர் தட்டல." தண்ணீர் என் செருப்பு வரை வந்தது. நான் குழாயைத் திருப்பிப் பிடித்தேன்.

ஜூனில் மென்னா வந்துவிட்டாள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து கெய்ன்வென் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், குப்பைத் தொட்டியை எந்த நாளில் வைக்கிறாள் எல்லாம் கவனிக்கிறாள். தவறு இருந்தால் கடந்து வந்து சொல்கிறாள். இடம் காலியாக இருக்கும் நாட்களில் பச்சைக் கோட்டோடு வண்டியில் ஏறிவிடுகிறாள். பயணிகள் அவளைப் பற்றி இணையத்தில் நல்லபடி எழுதுவதால் கிரிஃபித் டிக்கெட் கேட்பதில்லை. ஏரிக்கு மேலே இப்போது அம்மா கதைதான். கெய்ன்வென் அதை நன்றாகவே சொல்லக் கற்றுக்கொண்டாள். அந்த நேரம் மட்டும் பின்சீட்டில் சத்தம் இருக்காது. கதை முடிந்ததும் கியரைப் பற்றிய பேச்சு தொடரும்.

போன வாரம் கெய்ன்வென் வண்டி நிறுத்தும் இடத்தில் என்னை மடக்கினாள்.

"எம்லின், வியாழக்கிழமை உன் வண்டில ஒரு சீட் காலின்னு கேள்விப்பட்டேன்."

"இல்லையே."

"கிரிஃபித் சொன்னாரு."

"அது ரிப்பேர் சீட். சாஞ்சா உடைஞ்சிரும்."

"அவ நிமிந்துதான் உக்காருவா. ஒரே ஒரு நாள். புண்ணியமாப் போவும்."

நான் அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை என் பயணிகளையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு கெய்ன்வென்தான் ஓட்டினாள். பின்சீட்டில் மென்னா இருந்தாள்.