சலாம் என்று நினைத்தோம்

என் மகளுக்கு ஆறு மாதம் நடந்துகொண்டிருந்தது. தூங்கி எழுந்ததும் தலையைச் சட்டென்று முன்னால் கவிழ்த்து, இரண்டு கைகளையும் விரிப்பாள். ஒரு நொடிதான். நிமிர்ந்ததும் மறுபடி கவிழ்வாள். கோட்டைப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. "பாருங்க, புள்ள எல்லாருக்கும் சலாம் சொல்லுது" என்று என் நாத்தனார் கைதட்டுவார். துபாயில் வேலை பார்க்கும் என் கணவர் வீடியோ காலில் பதில் சலாம் சொல்வார். நானும் சிரித்தேன். அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

எனக்குச் சிரிப்பு நின்றது அந்தக் கவிழ்தலால் அல்ல. அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதை விட்டிருந்தாள். குப்புற விழப் பழகியிருந்தவள் அதையும் மறந்துபோனாள். முதலில் பார்த்த டாக்டர் வயிற்றுவலி என்று சொட்டு மருந்து எழுதினார். பத்து நாள் கொடுத்தும் மாற்றமில்லை.

நான் கணிதம் படித்தவள். எத்தனை முறை கவிழ்கிறாள் என்று எண்ணத் தொடங்கினேன். காலையில் எழுந்ததும் இருபத்து மூன்று. மதியத் தூக்கத்துக்குப் பிறகு பதினாறு. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன்; போனில் வீடியோவும் எடுத்தேன்.

"இப்புடி எண்ணிக்கிட்டே இருந்தா புள்ளைக்குக் கண்ணு பட்டுரும்" என்றார் நாத்தனார். ஆனாலும் புதுக்கோட்டைக்கு நான் பஸ் ஏறியபோது கூடவே வந்தார்.

அங்கிருந்த குழந்தை மருத்துவர் வீடியோவை முழுதாகப் பார்க்கவில்லை. பாதியிலேயே நிமிர்ந்தார். "எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு மாசமா இருக்குங்க."

"இப்பவே தஞ்சாவூர் போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

தஞ்சாவூரில் அவள் தலை முழுக்க ஒயர் ஒட்டி மூளையின் அலைகளைப் பதிவு செய்தார்கள். திரையில் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் தாறுமாறாக ஓடின. "இது பச்சைக் குழந்தைகளுக்கு வர்ற ஒரு வகை வலிப்பு" என்றார் நரம்பியல் மருத்துவர். "அந்தக் காலத்துல இதுக்கு சலாம் வலிப்புன்னே பேரு வச்சிருந்தாங்க."

எங்கள் வீட்டுப் பேச்சு எதுவும் அவருக்குத் தெரியாது. நாத்தனார் என் கையைப் பிடித்தார். இரண்டு பேருமே அழுதோம்.

நாங்கள் அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு, மருத்துவர் அங்கே நடக்கும் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். முதலில் ஒரு மருந்து மட்டும் கொடுப்பதா, இரண்டு மருந்தைச் சேர்த்தே தொடங்குவதா, எது நல்லது என்று பார்க்கிறார்கள். எந்தக் குழந்தைக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவதுபோல முடிவு செய்யும். சேராவிட்டாலும் வைத்தியத்தில் குறை இருக்காது.

கணவரைப் போனில் கூப்பிட்டேன். "நம்ம புள்ளைய வச்சுப் பரிசோதனை பண்ணப் போறாங்களா?" குரல் ஏறியது.

"மச்சான், இப்பக் குடுக்கப் போற மருந்தும் முன்னாடி எவளோ ஒருத்தி புள்ளைக்குக் குடுத்துப் பாத்துத்தானே தெரிஞ்சிருக்கு?"

அவர் டாக்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். பத்து நிமிடம் கேள்வி கேட்டார். கடைசியில், "ஒனக்குச் சரின்னு பட்டா கையெழுத்துப் போடு" என்றார்.

எங்களுக்கு வந்தது ஒரு மருந்து மட்டும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆய்வில் வேலை பார்த்த பெண் அதைக் கண்டுகொண்டார். "ரெண்டு குடுத்தாத்தான் நல்லதுன்னு தெரிஞ்சிருந்தா எங்களுக்கு ஆய்வே தேவையில்லையேம்மா."

ஊருக்குத் திரும்பியபின் தினமும் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தேன். மருந்தால் அவள் முகம் ஊதிப்போனது. எந்நேரமும் பசி, எந்நேரமும் அழுகை. நோட்டில் எண்கள் இறங்கின: பத்தொன்பது, பதினொன்று, ஏழு, நான்கு. ஒன்பதாம் நாள் எதுவும் வரவில்லை. நான்தான் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று நினைத்தேன். பத்தாம் நாளும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மூன்று முறை வந்தது. அன்றே போன் செய்தேன். இரண்டாவது மருந்தைச் சேர்த்தார்கள். சில வாரங்களில் அதுவும் நின்றது. பிறகு வரவில்லை.

ஒருநாள் நாத்தனார் மிளகாய் வறுக்கும்போது அடுத்தடுத்துத் தும்மினார். என் மடியிலிருந்த மகள் அவரைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள். நாத்தனார் கரண்டியோடு அப்படியே நின்றார். "அது வலிப்புன்னு தெரியாம கைதட்டுனவ நான்" என்றார்.

"நாம எல்லாருந்தான் சிரிச்சோம். அடுப்ப அணைங்க, கருகுது" என்றேன்.

இப்போது அவளுக்கு நான்கு வயது. இரண்டரை வயதில்தான் நடந்தாள். பேச்சு குறைவு, பதினைந்து, இருபது சொல் இருக்கும். ஆய்வுக்காரப் பெண் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மரக்கட்டைகளும் படங்களும் நிறைந்த பெட்டியோடு வீட்டுக்கு வருவார். போன வருடம் வந்தபோது, இந்த வலிப்பை அடையாளம் காண கிராமத்து நர்சுகளுக்குக் காட்ட, நான் எடுத்த வீடியோவைக் கேட்டார்.

"மொகம் தெரியுமா?" என்றார் கணவர் போனில்.

"தெரியணும் மச்சான். கவுறும்போது கண்ணு மேல போறதப் பாத்தாத்தான் புரியும்."

யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

போன மாதம் அந்தப் பெண் மீண்டும் வந்தார். ஆய்வின் முடிவு இன்னும் வரவில்லை என்றார். ஜெகதாப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு குழந்தையை, அந்த வீடியோவைப் பார்த்த நர்ஸ் ஒருவர் அனுப்பியிருக்கிறாராம். வலிப்பு தொடங்கி ஐந்தே நாளில்.

"இப்ப எப்புடி இருக்கு?" என்று கேட்டேன்.

"அத நான் சொல்லக் கூடாதும்மா" என்றார்.

நான் வற்புறுத்தவில்லை. என் மகள் ஆறு கட்டைகளை அடுக்கினாள். ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு தர மறுத்தாள். இருக்கட்டும் என்று சிரித்துவிட்டு, அவர் அறந்தாங்கி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.